போனஸ் இனாம் அல்ல

தீபாவளி நெருங்கினால் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்குத் தனிக் களை வந்துவிடும். ஜவுளிக் கடையாகட்டும், பாத்திரக் கடையாகட்டும், வியாபாரிகளுக்கு இது ‘போனஸ் சீசன்’. தொழிலாளி கையில் போனஸ் விழுந்தால்தான் கல்லாவிலும் காசு விழும்.

இந்தச் சொல்லின் பொருள்தான் என்ன? லத்தீன் மொழியில் ‘நல்லது’ என்று பொருள்படும் சொல்லே போனஸ். தமிழில் மிகை ஊதியம் என்கிறோம். மிகை என்றதும், கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். முதலாளிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாதாடினார்கள்.

முதல் உலகப் போரின்போது விலைவாசி ஏறவே, பம்பாய்ப் பஞ்சாலைகள் 1917 முதல் போனஸ் கொடுத்து வந்தன. பின்னர் அதை நிறுத்தியதும், 1924-ல் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதைக் கேட்டுப் பெறச் சட்டத்தில் இடமில்லை என்று விசாரணைக் குழு கைவிரித்தது. அந்த இடம் கிடைக்க 1965 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் வந்த போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 4 சதவீதம் என்றது. 1972-ல் அது 8.33 ஆயிற்று. அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. இதை இனாம் என்பது எப்படிப் பொருந்தும்?

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. அங்கே உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போகிறார்கள். காவல் வேலை, துப்புரவு வேலை, தையல் வேலை. பலர் ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்குபவர்கள். தீபாவளிக்கு இவர்களில் சிலருக்குக் கிடைப்பது ஓர் இனிப்புப் பெட்டிதான். போனஸ் வருமென்று நம்பிக் கடனுக்குத் துணி எடுத்தவர், பொங்கல் வரை வட்டி கட்டுகிறார்.

இவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் 8.33 சதவீதம் மாறவில்லை. 20 பேருக்குக் குறையாத நிறுவனத்தில், ஆண்டில் 30 நாளாவது வேலை செய்து, அரசு குறிக்கும் சம்பள வரம்புக்குள் இருப்பவர் அதற்கு உரியவர். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் தொகையை வங்கிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால், தொழிலாளர்களோ பதிவு பெற்ற சங்கமோ எழுத்து மூலம் தெரிவித்தால், வேலை வாங்கிய நிறுவனமே கொடுத்தாக வேண்டும்.

ஆகவே சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தனியாகக் கேட்கத் தயங்குவோர் நாலு பேராகச் சேர்ந்து மனுவில் கையெழுத்திடுங்கள். இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதுவே போனஸ் என்று ஒருவர் சொன்னால், அல்ல என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.