யந்திரத்தின் சூடும் தொழிலாளியின் சூடும்

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். வடவெல்லையில், கல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கும் இவ்வூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குச் செல்லும் தோழர்கள், "சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வா" என்ற பதிலைக் கேட்காமலா இருக்கிறார்கள்? ரேஷன் கடையானாலும் சரி, வங்கியானாலும் சரி, பிராவிடண்ட் பண்ட் மனுவானாலும் சரி, அதே பதில்தான்! யார் இந்த சர்வர்?

ஆளல்ல, யந்திரம். இத்தகைய யந்திரங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் கட்டடமே 'டேட்டா சென்டர்'. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இவை எழுந்துள்ளன. 2021இல் தமிழக அரசு இவற்றுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

அங்கே யந்திரத்துக்கு நடக்கும் உபசாரத்தைப் பாருங்கள்! அதற்குள் புகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பதே நல்லது என்பது உலகம் ஏற்ற அளவு. ஈரம் மிகுந்தாலும் கெடுதி, குறைந்தாலும் கெடுதி. மின்சாரம் நின்ற கணமே பாட்டரி தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர் சுமையை ஏற்கும். பாட்டரியின் சூடு, ஜெனரேட்டரின் எண்ணெய், தரையில் கசியும் நீர், எழும் புகை அனைத்தையும் கருவிகள் இரவு பகலாகக் காவல் காக்கின்றன.

இந்தக் காவல் வீண் என்கிறோமா? இல்லை. 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு டேட்டா சென்டரின் குளிர்நீர் அமைப்பைப் புதுப்பிக்கும் வேலையில், ஒப்பந்தக்காரரின் தவறான சமிக்ஞையால் வால்வுகள் மூடிக்கொண்டன. சூடு ஏறியது. இரண்டு பெரிய வங்கிகளில் சுமார் 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் நின்றன. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசாங்க டேட்டா சென்டரில் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் முடங்கின.

இவை தரும் பாடம் என்ன? இரண்டு இடங்களிலும் வேலை நடக்கும்போதே விபத்து நேர்ந்தது. கருவி மணி அடிக்கும். வால்வைத் திருப்புவதும் இணைப்பைத் துண்டிப்பதும் மனிதன் கைதான். அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டும், ஓய்வு வேண்டும், நிரந்தர வேலை வேண்டும். கோடிக்கணக்கில் கருவி வாங்கிவிட்டு, அதன் காவலை இன்று வந்து நாளை போகும் குத்தகைக் கூலியிடம் விடுவது சிக்கனமா?

இன்னொன்றும் கேட்கிறோம். கும்மிடிப்பூண்டியின் உருக்கு உலைகளுக்கும் ரோலிங் மில்களுக்கும் முன்னே நிற்கும் தொழிலாளிக்கு எத்தனை டிகிரி உகந்தது? அவன் தலைக்கு மேல் எத்தனை வெப்பமானிகள் தொங்குகின்றன? வேலைக்கூடத்தின் வெப்பம் நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே தன் 13ஆம் பிரிவில் சொன்னது. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்றது. வரவேற்கிறோம். ஆனால், செத்த பிறகு தரும் பணத்தைவிட, சாகாமல் காக்கும் வெப்பமானி மலிவல்லவா?

யந்திரத்துக்கு ஒரு டிகிரி ஏறினால் மணி அடிக்கத் தெரிந்த முதலாளிக்கு, உலைக்கூடத்திலும் ஒரு மணி கட்டத் தெரியாதா? வெப்பமானி, அளவு மீறினால் வேலை நிறுத்தம், நிழல், குடிநீர், சம்பளத்தோடு ஓய்வு — இவற்றை ஒவ்வொரு ஆலை வாயிலிலும் தோழர்கள் கேட்க வேண்டும். யந்திரம் பழுதானால் வேறொன்று வரும். ஆரம்பாக்கத்துக்குத் திரும்ப வேண்டிய மனிதனுக்கு மாற்று இல்லை!