அமிலம் எங்கே போகிறது?

இப்போதெல்லாம் எந்தத் தொழிலைப் பற்றிப் பேசினாலும் முன்னால் 'பசுமை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். பசுமை சிமெண்ட், பசுமை எஃகு. கடற்கரைக் கனிம மணலும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, கேரளத்துச் சவரா, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய இடங்களில் அள்ளும் கறுப்பு மணலைப் 'பசுமை வழியில்' பதப்படுத்தலாம் என்கிறார்கள். முடியும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை நம்புவதற்கு முன் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அமிலம் எங்கே போகிறது?

இந்த மணலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். நம் சிறுவயதில் புதுச்சேரி வீடுகளுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் வெள்ளையடித்தார்கள். இன்று சுவருக்குப் பூசும் பெயிண்டின் வெண்மை டைட்டானியம் டை ஆக்சைடு. தாள், பிளாஸ்டிக் குழாய், பற்பசை எல்லாவற்றிலும் அதுதான். நம் வயதுக்காரர்கள் சிலருக்குத் தாடையில் பதித்திருக்கும் திருகும், இடுப்பு மூட்டில் வைத்திருக்கும் தண்டும் டைட்டானியம். இதற்கெல்லாம் பெரும்பாலும் மூலப்பொருள் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட்.

இல்மனைட்டில் டைட்டானியமும் இரும்பும் ஆக்சிஜனோடு பிணைந்து கிடக்கின்றன. இரும்பைக் கழற்றி எடுத்தால்தான் வெள்ளை கிடைக்கும். பழைய முறையில் மணலை அடர் கந்தக அமிலத்தில் கரைப்பார்கள். இரும்பு அன்னபேதியாகப் பிரிந்துவிடும். நாட்டு வைத்தியர்கள் பஸ்பத்துக்கு வைத்திருப்பார்களே, அதே அன்னபேதிதான். சுத்தமான இல்மனைட்டுக்குக் கணக்குப் போட்டால் 1 டன் வெள்ளைக்கு ஏறக்குறைய மூன்றரை டன் அன்னபேதி வரும். அது போக, நீர்த்துப்போன அமிலம் பல டன். ஆக, வெள்ளையைவிடக் கழிவுதான் அதிகம் தயாராகிறது. பல நாடுகளில் அந்தக் கழிவைக் கடல் ஏற்றுக்கொண்டது.

பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு 'பூ ரூழ்', அதாவது செஞ்சேறு, என்ற சொல் நினைவிருக்கலாம். இத்தாலியில் ஸ்கார்லினோ என்ற ஊரில் மோன்தெதிசோன் நிறுவனத்தின் டைட்டானியம் ஆலை இருந்தது. 1972 முதல் அதன் அமிலக் கழிவைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்க் கோர்சிகாத் தீவின் வடமுனைக்கு அப்பால் கடலில் கொட்டினார்கள். 1973 பிப்ரவரியில் பஸ்தியா நகரத்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். செப்டம்பரில் கழிவு ஏற்றும் கப்பலில் குண்டு வைத்தார்கள். குண்டு வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் இத்தாலிய நீதிமன்றமும் ஐரோப்பிய அரசுகளும் கழிவுக் கணக்கைத் திறந்து பார்த்தன.

எனக்குச் சுவையாகத் தோன்றுவது அடுத்த கட்டம்தான். அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டியே காலத்தைக் கழித்தவன் அல்லவா! 1978இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இந்த ஒரு தொழிலின் கழிவுக்கென்றே தனி ஆணை போட்டது. அனுமதி இல்லாமல் கொட்டக்கூடாது, கழிவைக் குறைக்கும் திட்டத்தை ஒவ்வொரு நாடும் தர வேண்டும் என்றது. 1989இல் இன்னும் கடுமையான ஆணை வந்தது. அந்த ஆணை தவறான சட்டப்பிரிவின்கீழ் போடப்பட்டது என்று வழக்கு நடந்து, 1991 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம் ஊராயிருந்தால் கோப்பு அலமாரிக்குப் போயிருக்கும். அவர்களோ சரியான பிரிவைக் குறிப்பிட்டு 1992 டிசம்பரில் மறுபடியும் ஆணை போட்டார்கள். அடர் அமிலக் கழிவைக் கடலிலோ ஆற்றிலோ விடவே கூடாது. மீதிக் கழிவில் 1 டன் வெள்ளைக்கு 800 கிலோ சல்பேட்டுக்கு மேல் போகக்கூடாது. இன்ன தேதிக்குள். 2010இல் வந்த ஆணையில் அந்த 800, 550 ஆனது.

எண்ணும் தேதியும் வந்த பிறகு ஆலைகளுக்கு வழி தெரிந்தது. நீர்த்த அமிலத்தைக் காய்ச்சி அடர்த்தியாக்கி மறுபடியும் பயன்படுத்தினார்கள். அன்னபேதியைத் தண்ணீர் சுத்திகரிப்புக்கும் சிமெண்ட் ஆலைக்கும் விற்றார்கள். மிச்ச அமிலத்தைச் சுண்ணாம்பால் முறித்து ஜிப்சம் ஆக்கினார்கள். இவற்றுக்கெல்லாம் வேண்டிய ரசாயன அறிவு முன்பே இருந்ததுதான். கடலில் கொட்டுவது மலிவாக இருந்தவரை அதை யாரும் தொடவில்லை.

வேறு வழிகளும் உண்டு. எனக்குப் பிடித்தது மேற்கு ஆஸ்திரேலியாவில் பெக்கர் என்ற வேதியியலாளர் உருவாக்கிய முறை. மணலை நிலக்கரியோடு சூளையில் வாட்டி, உள்ளிருக்கும் இரும்பை உலோகமாக்குகிறார்கள். பிறகு நவச்சாரம் கரைத்த நீரில் போட்டுக் காற்றை ஊதுகிறார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவுவாரே, அந்த நவச்சாரம்தான். இரும்பு துருப்பிடித்துத் தனியே உதிர்ந்துவிடுகிறது. பெரிய வேலையைத் துருவே செய்துவிடுவதால் கடைசியில் கழுவுவதற்குக் கொஞ்சம் அமிலம் போதும். ஆனால் நிலக்கரி எரிகிறது, துருக்குவியலும் மிஞ்சுகிறது. கனடாவின் சோரெல் நகரில் 1950 முதல் மின் உலையில் உருக்கி இரும்பை வார்ப்பிரும்பாகவே விற்கிறார்கள். அங்கே மூலப்பொருள் மணல் அல்ல, பாறை. தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே என்ற ஊரில் மணலுக்கும் அதையே செய்கிறார்கள். கழிவாகப் போயிருக்க வேண்டிய இரும்பு அங்கே விலைபோகிறது. பசுமை என்ற சொல்லுக்கு நான் ஒப்புக்கொள்ளும் பொருள் இதுதான்.

நான் ஒப்புக்கொள்ளாத பசுமையும் ஒன்று உண்டு. இதே கறுப்பு மணலில் மோனசைட் என்ற கனிமமும் இருக்கிறது. அதில் அருமண் தனிமங்களோடு கதிரியக்கமுள்ள தோரியமும் கலந்திருக்கிறது. 1952இல் ஆலுவாயில் தொடங்கிய நம் மோனசைட் ஆலைக்குத் தொழில்நுட்பம் தந்தது ஒரு பிரெஞ்சு நிறுவனம். பிரான்சிலேயே லா ரொஷேல் நகரத்து ஆலையும் பல ஆண்டுகள் மோனசைட்டைப் பதப்படுத்தியது. கதிரியக்கக் கழிவு பெரும் பிரச்சினையாகி, 1994இல் அந்த வேலையை நிறுத்தினார்கள். பிறகு கதிரியக்கம் நீக்கிய சரக்கைச் சீனாவிலிருந்து வரவழைத்தார்கள். லா ரொஷேல் விரிகுடா தப்பித்தது. தோரியக் கழிவு விற்கும் நாட்டின் தலையில் விழுந்தது. பக்கத்து மனையில் குப்பையைக் கொட்டிவிட்டு 'என் வாசல் சுத்தம்' என்று சொல்லிக்கொள்வது எப்படிப் பசுமையாகும்?

நம் நாட்டுக்கு வருவோம். மணவாளக்குறிச்சியில் மணலைக் கனிமம் கனிமமாகப் பிரிக்கிறார்கள். இல்மனைட்டின் ரசாயன வேலை வேறு ஊர்களில் நடக்கிறது. திருவனந்தபுரம் வேளியில் உள்ள ஆலை கந்தக அமில முறை. அதன் கழிவால் அங்கே கடல்நீர் நிறம் மாறியதைப் பற்றிப் பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. சவரா ஆலை குளோரின் முறை. அங்கே அமிலத்தை மீட்கிறார்கள், ஆனால் இரும்பு ஆக்சைடு குவிந்தது. கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை மக்கள் எதிர்க்கிறார்கள். 'பசுமைத் தொழில்நுட்பம் வருகிறது, பயப்படாதீர்கள்' என்று அவர்களிடம் சொன்னால் மட்டும் போதாது. தோண்டிய கரை பழையபடி ஆகுமா என்பது அவர்களுடைய தனிக் கேள்வி. அதற்கு எந்த அமிலமில்லா முறையும் பதிலாகாது.

ரசாயன ஆலைகளைப் பொறுத்தவரை நான் கேட்பது மூன்று கணக்குகள். 1 டன் வெள்ளைக்கு எத்தனை கிலோ அமிலம் வெளியே போகிறது? இரும்பு விற்பனைக்குப் போகிறதா, குளத்தில் தேங்குகிறதா? தோரியம் யார் பொறுப்பில், எங்கே இருக்கிறது? இந்த மூன்றையும் ஆண்டுதோறும் ஆலை வாசலில் உள்ளூர் மொழியில் எழுதி வைக்கட்டும். எந்த எண் எந்தத் தேதிக்குள் எவ்வளவு குறையும் என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும்.

'ஆவன செய்யப்படும்' என்று என் கையாலேயே எத்தனையோ கடிதங்கள் எழுதியிருக்கிறேன். தேதி போடாத கடிதத்துக்கு என்ன கதி என்பது எனக்குத் தெரியும். கோப்பைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.