நீலசந்திரா தமிழர்: உழைப்பில் வேரூன்றிய மரபும் மறுக்கப்படும் உரிமையும்

பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதிக்குத் தெற்கே, ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஈஜிபுரா ஆகியவற்றை ஒட்டி அமைந்துள்ள நீலசந்திரா, தமிழ் பேசும் உழைப்பாளிகள் செறிந்து வாழும் பகுதியாகும். பொம்மசந்திரா, சிங்கசந்திரா போன்ற பெயர்களில் உள்ள ‘சந்திரா’ என்பது ‘சமுத்திரம்’ என்ற சொல்லின் மருவாகும். கன்னட நாட்டில் அது ஏரியைக் குறித்தது. ஊரின் பெயர் கன்னடம். தெருவில் தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. எனினும், காவிரிப் பிரச்சனை எழும்போதெல்லாம் இங்குள்ள தமிழர்கள் ‘வந்தேறிகள்’ என்று சித்திரிக்கப்படுகின்றனர்.

வரலாறு கூறுவது வேறு. 1809இல் பிரிட்டிஷார் பெங்களூரில் கண்டோன்மென்ட்டை நிறுவியபோது, படையோடும் படைக்குப் பின்னும் வட ஆற்காடு உள்ளிட்ட சென்னை மாகாணப் பகுதிகளிலிருந்து கட்டடத் தொழிலாளர்களும் சுமை தூக்குவோரும் சமையலர்களும் சலவைத் தொழிலாளர்களும் வந்தனர். அவர்களில் கணிசமானோர் நிலமற்ற தலித் மக்கள். 1881இல் மைசூர் சமஸ்தானம் உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பின்னரும் கண்டோன்மென்ட் பிரிட்டிஷார் வசமே இருந்தது. 1949இல்தான் இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சி உருவாயிற்று. மொழிவழி மாநிலம் அமைந்த 1956க்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்நகரில் தமிழ் உழைப்பாளிகள் வேரூன்றிவிட்டனர்.

இம்மக்களின் மரபு உழைப்பு மட்டுமன்று. சிந்தனையும் போராட்டமும் கூட. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் இயங்கின. சாதி மறுப்பும் கல்வி வேட்கையும் உழைப்பாளர் குடியிருப்புகளில் அங்ஙனம் பரவின. பின்னர் 1980-81இல் பெங்களூரின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் இரண்டு மாதங்களுக்கும் மேலாக நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்தில் கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் தோளோடு தோள் நின்றனர்.

அந்த ஒற்றுமையே ஆளும் வர்க்கத்திற்கு உறுத்தலாயிற்று. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் மூண்ட வன்முறையில் தமிழ்க் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, உயிர்கள் பறிபோயின, பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு வெளியேறினர். 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எரிந்தன. பாதிக்கப்பட்டோர் யார்? பண்ணையாரோ ஆலை அதிபரோ அல்லர். அன்றாடக் கூலிக்குச் செல்வோரே. அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்க நிகழ்வே. ஆனால் சிலை திறப்பால் உழைப்பாளியின் வீட்டுக்குப் பட்டா கிடைத்துவிடாது.

மொழியுரிமையின் நிலையைப் பார்ப்போம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு. கனடாவில் கிரீ, ஓஜிப்வே உள்ளிட்ட பழங்குடிக் குழந்தைகளை உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்த கொடுமையை அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015இல் பதிவு செய்தது. பெங்களூரில் அத்தகைய தண்டனை இல்லை. இங்கு மொழியை அரிப்பது பிரம்பு அன்று. சந்தைமயமான கல்வியும் அரசின் புறக்கணிப்பும்தான். தமிழில் பேசத் தெரிந்து, எழுதப் படிக்கத் தெரியாத தலைமுறை வளர்ந்து நிற்கிறது.

சமூக நீதியிலும் இதே அவலம். பட்டியல் சாதி என்ற தகுதி மாநிலவாரியாகவே அங்கீகரிக்கப்படுகிறது. அந்தத் தகுதியை இடம்பெயர்ந்த மாநிலத்தில் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1950க்கு முன்பே குடும்பம் இங்கிருந்ததை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும். பாட்டனார் கல் சுமந்து கட்டிய நகரில், பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் எட்டாக்கனியாகிறது. கிறித்தவம் தழுவிய தலித்துகளையோ 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அடியோடு விலக்கி வைத்துள்ளது.

அடையாளம் பற்றிப் பேசுவது வர்க்க அரசியலுக்குப் புறம்பானது என்று கருதும் தோழர்கள் சிலர் உண்டு. சாதிச் சான்றிதழ் இன்றிக் கல்லூரிக் கதவு மூடப்படும் மாணவருக்கு அது வர்க்கப் பிரச்சனையே. இடதுசாரிகள் விட்டுவிடும் வெற்றிடத்தில் இருபுறத்து இனவெறி அமைப்புகளே நுழையும். ‘தமிழர் மட்டும்’ என்ற முழக்கம் நீலசந்திராவின் உழைப்பாளியைக் கன்னட உழைப்பாளியிடமிருந்து பிரிக்கும். ‘கன்னடர் மட்டும்’ என்ற முழக்கமும் அதையே செய்யும்.

ஆகவே, தொடக்கப் பள்ளியில் தமிழ், சாதிச் சான்றிதழ் வழங்க எளிய நடைமுறை, தலித் கிறித்தவர்க்குப் பட்டியல் சாதித் தகுதி, குடிசைப் பகுதி மக்களுக்கு வீட்டுமனைப் பட்டா ஆகிய நான்கு கோரிக்கைகளையும் கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் கையிலெடுக்க வேண்டும். கன்னடத்தைக் கற்பதும் மதிப்பதும் இக்கோரிக்கைகளுக்கு முரணானவை அல்ல, அவற்றுக்கு வலுச்சேர்ப்பவை. கோரிக்கை மனுவில் தமிழ்த் தொழிலாளியின் கையொப்பத்துக்கு அருகே கன்னடத் தொழிலாளியின் கையொப்பமும் இடம்பெறச் செய்வதே இப்பணியின் முதல் கட்டமாகும்.