தூய இசை எனும் பொய்ம்மை

பிறர் இசையின் சாயல் படிந்த படைப்பு இரவற் படைப்பே எனத் தூய்மை பேசுவோர் இன்றும் உளர். அவர்தம் வாதம் வரலாற்றின் முன் நில்லாது.

அங்கேரிய இசையாசிரியர் பேலா பார்ட்டொக்கை நோக்குக. ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊரூராகச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டிய அவர், அங்கேரியர் பாடல்களோடு அமைந்தாரல்லர். சுலோவாக்கியர், உருமேனியர் பாடல்களையும் நாடினார். 1913 இல் அல்சீரியாவின் பிஸ்க்ராப் பகுதியில் அராபிய இசையைப் பதிவுசெய்தார். 1916 இல் பியானோவுக்கென அவர் இயற்றிய தொடரிசையின் மூன்றாம் பகுதியில் அவ்விசையின் சாயல் தெளிவாகக் கேட்கும். ஆயினும் அதன் மெட்டு அவர் சொந்த ஆக்கமே. கேட்டது மூன்றாண்டுகள் உள்ளத்தில் ஊறிப் புதிதாய்ப் பிறந்தது.

உருமேனிய இசையை ஆராய்ந்தமைக்காக 1920 இல் தாய்நாட்டிலேயே அவர் நாட்டுப்பற்றற்றவர் எனத் தூற்றப்பட்டார். தூற்றியோர் காத்த தூய்மை யாது? அயல் இனத்தாரின் பாடல்கள் ஒன்றோடொன்று கலந்தே வளம்பெற்றன என்பதை, இனத்தூய்மை வெறி ஐரோப்பாவை எரித்த 1942 இல் அவர் கட்டுரையாகவே எழுதினார்.

கலையிற் கடன்படுதல் இழுக்கன்று. கடனை மறைத்தலே இழுக்கு. பார்ட்டொக் மறைத்தாரல்லர். வேலியிட்டுக் காக்கப்படும் இசையோ, ஊற்றடைந்த கிணறென வற்றிப்போகும்.