புற்றுநோயாளருக்கு ஊடுருவும் பூஞ்சைத் தொற்று: இரு மருந்துகள் எப்போது தேவை?

பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. சாமளாபுரம், பல்லடம் போன்ற விசைத்தறிப் பகுதிகளில் ஈரம் பட்ட பஞ்சிலும் கழிவுத் துணியிலும்கூட அவை வளரக்கூடும். உடல்நலமுள்ளோர் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களின் நுரையீரல் இவ்வித்துகளை அன்றாடம் அழித்துவிடுகிறது. ஆனால் இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோருக்கும் எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டோருக்கும் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறையும்போது, அவை நுரையீரலிலோ சைனஸிலோ வேரூன்றி இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவும். இது உயிருக்கு ஆபத்தான நிலை.

"ஒரு மருந்துதானே தருகிறார்கள், இன்னொன்றும் சேர்த்தால் விரைவில் குணமாகாதா?" என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பே. இதற்கான விடை, நோயை உண்டாக்கிய பூஞ்சையைப் பொறுத்தது.

எந்தப் பூஞ்சை?

ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்கு வோரிகொனசோல் அல்லது ஐசவுகொனசோல் முதன்மை மருந்தாகும். மியூக்கர் தொற்று வேறு. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்ட 'கருப்புப் பூஞ்சை' இதுவே. இதற்கு வோரிகொனசோல் பயன்படாது. லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின்-பி ஊசியும், இயன்றவிடத்துப் பாதித்த திசுவை அகற்றும் அறுவை சிகிச்சையும் தேவை. எனவே சி.டி. ஸ்கேன், காலக்டோமன்னன் இரத்தப் பரிசோதனை, திசுப் பரிசோதனை ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுள்ள இரத்தப் புற்றுநோயாளர்களிடமும் மஜ்ஜை மாற்று பெற்றோரிடமும் நடத்தப்பட்ட பன்னாட்டு ஆய்வு 2015-இல் வெளியானது. தொற்று உறுதியான அல்லது பெரிதும் சாத்தியமான 277 பேரில், வோரிகொனசோல் மட்டும் பெற்றோரில் 27.5 சதவீதத்தினரும், அதனுடன் அனிடுலாஃபங்கின் ஊசியும் பெற்றோரில் 19.3 சதவீதத்தினரும் ஆறு வாரங்களுக்குள் இறந்தனர். வேறுபாடு நம்பிக்கை தருவது. எனினும் தற்செயலால் நேர்ந்ததன்று என்று உறுதிகூறும் அளவுக்கு அது வலுவானதன்று.

2012-இல் வெளியான சிறிய ஆய்வு ஓர் எச்சரிக்கை. மியூக்கர் தொற்றுள்ள 20 பேரில், ஆம்ஃபோடெரிசினுடன் இரும்புச்சத்தைக் குறைக்கும் டெஃபெராசிராக்ஸ் சேர்த்துப் பெற்ற 11 பேரில் 9 பேர் 90 நாட்களுக்குள் இறந்தனர்; சேர்க்காத 9 பேரில் இருவரே இறந்தனர். கூடுதல் மருந்து எப்போதும் கூடுதல் நன்மையன்று.

எனவே இரு மருந்துச் சிகிச்சை எல்லோருக்குமான வழக்கமன்று. தொற்று மிகக் கடுமையாக இருக்கும்போதும், முதல் மருந்துக்கு நோய் கட்டுப்படாதபோதும், பூஞ்சை அம்மருந்தை எதிர்க்கும் என்ற ஐயம் எழும்போதும் மருத்துவர்கள் அதைப் பரிசீலிக்கின்றனர். மருந்து பலனளிக்காதபோது, இரத்தத்தில் அதன் அளவு போதுமானதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சேர்ப்பதால் வரும் சிக்கல்கள்

ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பொட்டாசியத்தைக் குறைக்கலாம். வோரிகொனசோல் கல்லீரலைப் பாதிக்கலாம். பார்வை மாற்றமும் வெயிலால் தோல் சிவத்தலும் ஏற்படலாம். அது வின்கிறிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தின் நச்சுத்தன்மையை மிகுவித்து நரம்புகளைத் தாக்கச் செய்யும். வெனிடோகிளாக்ஸ் மருந்தின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கீமோதெரபிக் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், பாராசிட்டமால் கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• நெஞ்சுவலி, சளியில் இரத்தம், முகவீக்கம், மூக்கில் கருநிறப் பொருக்கு, பார்வை மங்கல் ஆகியவையும் அவசர அறிகுறிகளே. 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.
• சித்த மருந்து, நாட்டு மருந்து உட்பட உட்கொள்ளும் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.
• வோரிகொனசோல் மாத்திரையை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ கொடுங்கள், வேளை தவறவிடாதீர்கள்.
• வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் தறிக்கூடம், பஞ்சுக் கிடங்கு, கட்டட வேலை நடக்கும் இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். தறி வேலைக்குச் சென்று திரும்புவோர் குளித்து உடைமாற்றிய பின் நோயாளியை அணுகுங்கள்.
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எவை அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியுங்கள்.

மருத்துவர் பரிந்துரைக்காத இரண்டாவது மருந்துக்காகக் கடன் வாங்கவோ நகையை அடகு வைக்கவோ வேண்டாம். "இது எந்தப் பூஞ்சை? மருந்து போதிய அளவில் இரத்தத்தில் உள்ளதா? கீமோதெரபி மருந்துடன் முரண்படுமா?" என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒற்றை மருந்து என்பது அலட்சியமன்று. உரிய மருந்தை உரிய நேரத்தில் தொடங்குவதே உயிர்காக்கும் முதற்படி.