சித்திரம் பெயர்ந்த பள்ளத்தாக்கு

கேள்வி கேட்பவர் உபாத்தியாயர், விழிப்பவர்கள் மாணாக்கர்கள் என்பது உலக வழக்கு. சில நாட்களில் இந்த வழக்குத் தலைகீழாகிவிடும். சென்ற வருஷம் நமக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. பழைய ஆலயங்களின் சிற்பங்களும் சித்திரங்களும் எங்கெங்கோ உள்ள காட்சிச்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சரித்திர வகுப்பில் ஆவேசத்துடன் சொல்லிக்கொண்டிருந்தோம். "எந்த ஊர்ப் பொருளோ அது அந்த ஊரிலேதான் இருக்கவேண்டும், மற்றதெல்லாம் களவு!" என்று மேஜையைத் தட்டி முடித்தோம். மூன்றாவது பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ஸார், அந்த ஊரிலேயே வைத்திருந்தால் அது அழிந்து போய்விடும் என்றால்?" என்று கேட்டாள். அப்போது மணி அடித்தது. பள்ளிக்கூட மணியின் அருமையை நாம் அன்று உணர்ந்ததுபோல் என்றும் உணர்ந்ததில்லை.

மணி அன்றைக்குக் காப்பாற்றிற்று. கேள்வி மட்டும் விடாமல் பின்தொடர்ந்தது. கோடை விடுமுறையில் பார்சிலோனா நகரில் உத்தியோகம் பார்க்கும் நம் தம்பியின் வீட்டுக்குப் போனபோதும் அது கூடவே கப்பலேறிற்று, அதாவது, விமானமேறிற்று.

பார்சிலோனாவில் மொன்ட்ஜுயிக் குன்றின்மேல் ஓர் அரண்மனை இருக்கிறது. 1929-ம் வருஷத்துச் சர்வதேசப் பொருட்காட்சிக்காகக் கட்டியது. இப்போது அது கட்டலோனியாவின் தேசியக் கலைக்கூடம். அதற்குள் நுழைந்து சில அறைகளைக் கடந்ததும் நாம் திகைத்து நின்றுவிட்டோம். பெரிய மண்டபத்துக்குள்ளே ஓர் ஆலயத்தின் கருவறைச் சுவர் நின்றது. அரைவட்டமாக வளைந்து மேலே கவிந்த அந்தச் சுவரில், பாதாம்பருப்பைப் போன்ற வடிவமுள்ள ஒளிவட்டத்தின் நடுவே இயேசுநாதர் வீற்றிருக்கிறார். நீண்ட முகம், நம்மை விட்டு அகலாத கண்கள், ஒரு கை ஆசீர்வதிக்கிறது, மறு கையில் திறந்த புத்தகம். பின்னால் போய்ப் பார்த்தால் சுவருமில்லை, கல்லுமில்லை, மரச்சட்டங்கள்தாம்! சித்திரம் மட்டும் எங்கிருந்தோ உரிக்கப்பட்டு, துணியின்மேல் ஒட்டப்பட்டு, அந்தச் சட்டத்தின்மேல் பொருத்தப்பட்டிருந்தது.

"இது எந்த ஊர்ச் சித்திரம்?" என்று தம்பியைக் கேட்டோம்.

"போயி பள்ளத்தாக்கு, அண்ணா. நாளை மறுநாள் அங்கேதான் போகப்போகிறோம்" என்றான்.

'போயி' என்பது ஊரின் பெயர் என்று புரிவதற்குச் சற்று நேரமாயிற்று. போயிக்குப் போய் வந்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறோம்.

பிரனீஸ் மலைத் தொடரின் தென்புறச் சரிவில், கட்டலோனியாவின் லெய்தா மாகாணத்தில் இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. பார்சிலோனாவிலிருந்து மோட்டாரில் சுமார் நான்கு மணி நேரப் பிரயாணம். நொகேரா தெ தோர் என்னும் ஆறு மலையிலிருந்து குதித்தோடி வருகிறது. அதன் கரையிலும் சரிவுகளிலும் சிறு சிறு கிராமங்கள்: பர்ருவேரா, துர்ரோ, எரில் லா வால், போயி, தாவுல். எல்லா ஊர்களையும் சேர்த்தாலும் ஜனத்தொகை ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். நாம் போனது மே மாதம். சிகரங்களில் பனி இன்னும் உருகி முடியவில்லை. உருகிய நீரெல்லாம் ஆற்றில் இறங்கி ஒரே ஆரவாரம். ஜன்னலைத் திறந்தாலே ஆறு பேசுகிறது, மூடினாலும் விடுவதில்லை.

ஆற்றுக்கு அடுத்தபடி கண்ணில் படுவன கோபுரங்கள். சதுரமாய், ஒல்லியாய், நிலைமேல் நிலையாய் உயர்ந்து, கூரான தொப்பி அணிந்து நிற்கின்றன. நிலைதோறும் இரட்டை ஜன்னல்களும், சுவரோடு ஒட்டிய சிறு வளைவுகளின் வரிசையும் காணலாம். இத்தாலியின் வடபகுதியான லம்பார்டியிலிருந்து பரவிய கட்டட முறை இது. தாவுலிலுள்ள சான் கிளிமென்ட் ஆலயத்தின் கோபுரத்துக்கு அடித்தளத்தின்மேல் ஆறு நிலைகள். அவ்வாலயம் 1123-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ரோதா நகரத்து மேற்றிராணியார் ராமோன் என்பவரால் பிரதிஷ்டை செய்யப்பட்டது. தூண் ஒன்றில் வர்ணத்தால் எழுதிய லத்தீன் வாசகம் இதைச் சொல்கிறது. மறுநாளே, அதே சிற்றூரில், அதே மேற்றிராணியார் சாந்தா மரியா ஆலயத்தையும் பிரதிஷ்டை செய்தார். ஒரு மலைக் கிராமத்துக்கு அடுத்தடுத்த நாட்களில் இரண்டு ஆலயங்கள்! எரில் வம்சத்துப் பிரபுக்கள் அரகான் அரசருக்குத் துணையாகப் போர்களுக்குச் சென்று ஈட்டிய செல்வமே இதற்கு மூலதனம் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள்.

பிறகு பணம் வேறு திசை பார்த்துப் போய்விட்டது. செல்வம் பெருகிய ஊர்களில் பழைய ஆலயங்களை இடித்துப் புதிய பாணியில் பெரிதாகக் கட்டினார்கள். போயி பள்ளத்தாக்கில் இடிக்கவும் பணமில்லை, கட்டவும் பணமில்லை. நல்ல பாதையும் இல்லை. ஆகவே பன்னிரண்டாம் நூற்றாண்டு அங்கே பெரும்பாலும் அப்படியே தங்கிவிட்டது. தரித்திரம் செய்த உபகாரங்களில் இது ஒன்று என்று சொல்லவேண்டும். 2000-ம் வருஷம் இப்பள்ளத்தாக்கின் ஒன்பது ஆலயங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இனி, சித்திரங்களின் கதைக்கு வருவோம்.

1907-ம் வருஷம், அவ்வருஷமே தோன்றிய கட்டலான் ஆராய்ச்சிக் கழகத்தார், ஜுசெப் புச் இ கதபால்க் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் ஒரு குழுவை இம்மலைகளுக்கு அனுப்பினார்கள். ஆலயம் ஆலயமாக நுழைந்து அவர்கள் அளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பிற்காலத்துப் பலிபீட அலங்காரங்களுக்குப் பின்னாலிருந்து, எண்ணூறு வருஷத்துச் சித்திரங்கள் அவர்களை எட்டிப் பார்த்தன. எரில் லா வால் ஆலயத்தில், இயேசுநாதரைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியைச் சித்திரிக்கும் மரச் சிற்பங்கள் ஏழு அகப்பட்டன. கண்டதை நூலாக அச்சிட்டார்கள். தங்கள் தேசத்துக்கு இப்படி ஒரு புராதனக் கலை உண்டு என்று கட்டலோனியர் பூரித்தார்கள்.

அச்சில் வந்தால் ஆராய்ச்சியாளர் மட்டுமா படிப்பார்கள்? வியாபாரிகளும் படிப்பார்கள். 1919-ம் வருஷம் ஒரு செய்தி பார்சிலோனாவுக்கு எட்டியது. அதே லெய்தா மாகாணத்தில், மூர் என்னுமிடத்துச் சாந்தா மரியா ஆலயத்தின் கருவறைச் சித்திரம் விலைபோய்விட்டது. இத்தாலியிலிருந்து வந்த நிபுணர்கள் அதைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அது. அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. சித்திரம் கடல் கடந்து, 1921-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் காட்சிச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஜுவாக்கீம் ஃபோல்க் இ தோரஸ் என்ற கலை ஆராய்ச்சியாளர் அப்போது பார்சிலோனா காட்சிச்சாலைக் குழுவில் பொறுப்பில் இருந்தார். மற்றச் சித்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும் என்று கண்ட அவரும் குழுவினரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். போகிறவற்றை நாமே முந்திக்கொண்டு விலைக்கு வாங்கி, நாமே கழற்றி, நம் தலைநகரிலேயே பத்திரப்படுத்திவிடுவோம் என்பதே அம்முடிவு. கழற்றுகிற வித்தை தெரிந்தவர்கள் யார்? மூர் ஆலயத்தில் கை வைத்த அதே பிராங்கோ ஸ்டெஃபனோனியும் அவருடைய கூட்டாளிகளுந்தாம்! விற்பனைக்காக உரித்த கைகளையே இப்போது பாதுகாப்பதற்காக உரிக்க அழைத்தார்கள்.

அந்த வித்தை விசித்திரமானது. மிருகத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரம் போன்ற பசையைத் துணியில் தோய்த்து, சித்திரத்தின்மேல் ஒட்டுவார்கள். பசை உலரும்போது சுருங்கும். சுருங்கும்போது வர்ணப் படலத்தைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். அதைப் பாயைப்போல் சுருட்டிக் கோவேறு கழுதையின் முதுகிலேற்றி மலைப் பாதையில் இறக்குவார்கள். நகரத்தில் அதன் பின்புறத்தில் புதிய துணியை ஒட்டி, முன்புறத்துத் துணியை வெந்நீர் விட்டு அகற்றுவார்கள். 1923-க்குள் வேலை முடிந்தது. எண்ணூறு வருஷம் தாவுல் கிராமத்துக் கருவறையில் வீற்றிருந்தவர், சுருளாகி, கழுதைமேல் ஏறி, மலையை விட்டு இறங்கினார்.

நாம் தாவுலில் ஒரு சிறிய விடுதியில் தங்கினோம். அதன் சொந்தக்காரி எழுபது வயதைக் கடந்த பாட்டி. தம்பி எங்களை அறிமுகம் செய்துவைத்து, பார்சிலோனா கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொன்னான். பாட்டி உடனே நம் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். தம்பி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: "எங்களவர் அங்கே சௌக்கியமாக இருக்கிறாரா என்று கேட்கிறாள், அண்ணா."

தூர தேசத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகளைப் பற்றி, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் விசாரிக்கும் குரல் அது. "சௌக்கியமாக இருக்கிறார், வர்ணங்கூட மங்கவில்லை" என்று சொல்லச் சொன்னோம். பாட்டி தலையை அசைத்துவிட்டு ரொட்டி கொண்டுவரப் போய்விட்டாள். நமக்குத்தான் ரொட்டி இறங்கவில்லை.

மாலையில் சான் கிளிமென்ட் ஆலயத்துக்குப் போனோம். மூன்று பகுதிகளாகப் பிரிந்த கூடம், உருண்டையான கல் தூண்கள், மரக்கூரை. கருவறைச் சுவர் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. அங்குமிங்கும் சில வர்ணத் திட்டுக்கள். உரித்தவர்கள் கைக்கு அகப்படாமல் தங்கிப்போன மூலச் சித்திரத்தின் மிச்சம் அது. பல வருஷங்களாக இங்கே ஒரு நகலை வைத்திருந்தார்கள். அதை அகற்றியபோதுதான் இந்த மிச்சங்களை நன்றாகப் பார்க்க முடிந்ததாம். 2013-ம் வருஷத்திலிருந்து வேறொரு ஏற்பாடு. விளக்குகள் அணைகின்றன. இருட்டில், வெற்றுச் சுவரின்மேல் ஒளியினால் ஒரு கோடு ஓடுகிறது, பின் மற்றொன்று. சித்திரக்காரன் அன்று வரைந்த வரிசையிலேயே உருவங்கள் எழுகின்றன. பிறகு வர்ணங்கள். அந்த நீலத்துக்குரிய கனிமம் இந்தப் பிரனீஸ் மலைகளிலேயே கிடைப்பது. ஒரு வளைவில் ஏழை லாசரு, பணக்காரன் வாசலில் கிடக்கிறான். ஒரு நாய் அவன் புண்ணை நக்குகிறது. இறுதியில் கருவறை முழுவதும் 1123-ம் வருஷத்தைப்போல் ஜொலிக்கிறது. சில நிமிஷங்களில் எல்லாம் மறைந்து, பழையபடி வெறும் சுவர்.

அருகிலிருந்த ஒருவரும் பேசவில்லை. பார்சிலோனாவில் சித்திரம் இருக்கிறது, ஆலயமில்லை. இங்கே ஆலயம் இருக்கிறது, சித்திரமில்லை. எரில் லா வால் சிற்பங்களின் கதி இதைவிடச் சங்கடம். அன்னை மரியாளும் யோவானும் பார்சிலோனாவில். மற்ற ஐவர் விக் நகரத்துக் காட்சிச்சாலையில். ஆலயத்தில் நிற்பவர்கள் ஏழு பேரும் நகல்கள். ஒரு குடும்பத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் நகல்களைத்தான் பார்க்கவேண்டும்!

மறுநாள் காலை, மனத்தை ஆற்றிக்கொள்ள மலைக்குள் சென்றோம். போயியிலிருந்து கிழக்கே சான் நிக்கொலாவ் ஆற்றின் வழியாகப் போனால் ஐக்வெஸ்தோர்தெஸ் தேசிய வனம். 1955-ல் ஏற்பட்டது, கட்டலோனியாவின் ஒரே தேசிய வனம் இதுவே. சொந்த மோட்டாருக்கு அனுமதியில்லை. உள்ளூர் டாக்ஸி ஜீப்பில் ஏறவேண்டும், அல்லது நடக்கவேண்டும். ஒரு நீர்வீழ்ச்சியைத் தாண்டி மேலே ஏறியதும் ஆறு திடீரென்று சாந்தமாகிவிடுகிறது. பச்சைப் புல்வெளியில் பல கிளைகளாகப் பிரிந்து, வளைந்து, நெளிந்து, அவசரமே இல்லாமல் போகிறது. வனத்தின் பெயருக்கே 'வளைந்த நீர்' என்றுதான் அர்த்தம். பனியாறு ஒரு காலத்தில் குடைந்த பள்ளத்தில் ஏரி உண்டாயிற்று. ஏரி வண்டலால் தூர்ந்து சமவெளியாயிற்று. சரிவை இழந்த ஆறு இப்படி உலாவத் தொடங்கிற்று. சுற்றிலும் கறுத்த தேவதாரு மரங்கள். அவற்றுக்குமேல் பனி மூடிய கருங்கற் சிகரங்கள். இவ்வனத்தில் சுமார் இருநூறு ஏரிகள் உண்டு. இந்தக் காட்சியை எவனும் பசை தடவி உரித்துக்கொண்டு போக முடியாது என்று எண்ணியபோது, நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒன்றைத் தவறவிட்டோம். ஜூன் மாதத்தில் துர்ரோவில் தொடங்கி, கோடை முழுதும் ஊருக்கு ஊர் தீப்பந்த விழா நடக்கும். மலையுச்சியில் மூட்டிய நெருப்பைப் பந்தங்களில் ஏந்தி, இரவில் வரிசையாகக் கிராமத்துக்கு ஓடி இறங்குவார்கள். பிரனீஸ் மலைகளின் இந்த விழாக்களையும் 2015-ல் யுனெஸ்கோ அங்கீகரித்திருக்கிறது. நம் பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிடுமே! பாட்டி சொல்லக் கேட்டதோடு திருப்தியடைந்தோம்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பெண்ணின் வகுப்பில் இந்தக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னோம். "அன்று நாம் மேஜையைத் தட்டியது அவசரம். கழற்றாமல் இருந்திருந்தால் தாவுல் சித்திரமும் மூர் சித்திரத்தின் வழியே போயிருக்கக்கூடும். கழற்றியவர்கள் திருடர்களல்ல. ஆனால், சட்டமும் பணமும் முன்னாலேயே அந்த மலையைத் தேடி வந்திருந்தால் கழற்றவே வேண்டியிராது. கையில் இருக்கும்போது காக்காதவர்கள், பிறகு எதைக் காத்தாலும் பாதியைத்தான் காக்க முடிகிறது" என்றோம்.

அந்தப் பெண் மறுபடியும் எழுந்தாள். "அப்படியானால், ஸார், அந்தப் பாட்டிக்கு யார் பதில் சொல்வது?"

மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.