இல்லிக்குடமும் எமது கடனும்

விழா மலர்களில் நினைவுகூரப்பெறுவோர் பெரும்பாலும் பரீட்சையில் முதன்மையுற்றோரும் பதவியிற் சிறந்தோருமே. அது முறையே. ஆயினும், அவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்திருந்து, இடைநடுவே வரவுப் பதிவேட்டில் பெயர் வெட்டப்பெற்று, பின் எந்த மலரிலும் இடம்பெறாது மறைந்த மாணவரும் உளர். அன்னாரைப் பற்றிச் சில சொல்லுதல் இவ்விழாக் காலத்தில் எமது கடனென எண்ணுகின்றோம்.

தமிழ் கற்பிப்போர்க்கு நன்னூல் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பாயிரம் மாணாக்கரை மூவகைப்படுத்தும். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடைமாணாக்கர். இவ்வுவமைகளை யாமும் பல்லாண்டு வகுப்பிலே எடுத்தோதினோம். ஓதியதோடமையாது, ஒரு சிறுவனைப் பலர் முன்னிலையில் ‘இல்லிக்குடம்’ என்று அழைத்தும் உள்ளோம்.

அவன் தோட்டத்திலிருந்து நடந்து வருபவன். ஒரு பாடலை இருமுறை கேட்டால் பிழையின்றி ஒப்புவிப்பான். பழுதுற்ற வானொலிப் பெட்டியைப் பிரித்து மீண்டும் பூட்டிப் பாடச் செய்வான். ஆயின், கரும்பலகையிலுள்ள நான்கு வரிகளைப் பார்த்தெழுத அவனால் இயலவில்லை. ரகர றகரமும், லகர ளகர ழகரமும் எல்லாப் பிள்ளைகட்கும் மயங்குவனவே. அவனுக்கோ கொம்பும் காலும் இடம் மாறின. நேற்று வாசித்த சொல் இன்று முன்பின் காணாத சொல்லாயிற்று. அதனைச் சோம்பல் என்றோம், கவனமின்மை என்றோம், ஒருநாள் திமிர் என்றும் சொன்னோம். எட்டாந் தரத்தோடு அவன் நின்றுவிட்டான்.

அவனுக்கிருந்த இடர் உலகறியாத ஒன்றன்று. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவிற் குறையாத அவனுக்கு வாசிப்பு மட்டும் வசப்படவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பாடசாலையிலேயே கெட்டிக்காரன் இவனாவான் என்பது அவனுடைய ஆசிரியர் கருத்தாயிருந்தது. இதனை இன்று ‘டிஸ்லெக்சியா’ என்பர். 1943இல் லியோ கானர் ஓட்டிசத்தை விரித்துரைத்தார். ஓரிடத்தில் அமரவும் ஒன்றில் மனம் நிறுத்தவும் இயலாது அல்லலுறும் பிள்ளைகளைப் பற்றியும் மருத்துவ நூல்கள் இன்று தெளிவாகப் பேசுகின்றன. மூளையின் அமைப்பு மனிதர்க்கு மனிதர் வேறுபடுதல் இயற்கையே; வேறுபாடெல்லாம் நோயன்று என்னும் ‘நரம்பியல் பன்மை’க் கருத்தும் 1990களின் பிற்பகுதி தொட்டு வலுப்பெற்று வருகின்றது.

இஃது அயல்நாட்டார்க்கு மட்டும் உரியதோ எனின், அன்று. 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, சிறுநகர்ப்புறம் ஒன்றிலே 18 முதல் 24 மாதக் குழந்தைகளை நோக்கி, 93 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் ஓட்டிசம் இருக்கக் கண்டது. அவ்வளவின்படி எண்ணின், ஆயிரம் பிள்ளைகளிடையே ஏறத்தாழப் பதினொருவர் ஆவர். டிஸ்லெக்சியா உடையோர் அவரினும் பலர்.

‘இத்தகையோருள் மேதைகள் உளரன்றோ?’ எனச் சிலர் ஆறுதல் கூறுவர். கணிதமேதை இராமானுசன் கும்பகோணம் கல்லூரியிற் கணிதத்தையன்றி வேறெதனையும் நோக்காது உதவிப்பணத்தை இழந்தார், 1907இல் எப்.ஏ. பரீட்சையிலும் தவறினார், 1918இல் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. மறைந்த ஒருவர்க்கு நோய்ப்பெயர் சூட்டுதல் எமது நோக்கமன்று. பரீட்சை என்னும் ஒரே முகத்தலளவையால் எல்லா அறிவையும் அளத்தல் ஆகாதென்பதே அவர் வரலாறு உணர்த்துவது. அன்றியும், மேதையாயிருந்தாற்றான் வகுப்பில் இடமுண்டென்பது கொடிது. எத்திறமும் வெளிப்படாத பிள்ளைக்கும் அவ்வாங்கில் அதே உரிமை உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்திற் சேர்க்க மறுத்தலாகாது என்று விதித்துள்ளது.

‘நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவனுக்காக யாது செய்வது?’ என்பர் எம் தோழர்கள். அவ்விடர் மெய்யே; யாமும் அதனை நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும், வினாவை உரக்க வாசித்துக் காட்டலும், விடையை வாய்மொழியாகக் கேட்டலும், நீண்ட வேலையைச் சிறு கூறுகளாக்கிக் கொடுத்தலும், இரைச்சலுக்கு அஞ்சும் பிள்ளையை அமைதியான ஓரத்தில் இருத்தலும் பொருட்செலவு வேண்டுவன அல்ல. இவற்றால் ஏனைய முப்பத்தொன்பதின்மரும் நட்டமடையார், நன்மையே பெறுவர்.

மாத்தளை மக்களுக்கு இது விளங்காததன்று. மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பு நடுகின்றோம். கொக்கோவுக்கு நிழல் விடுகின்றோம். நிழல் வேண்டும் செடியைச் சோம்பற் செடியென்று பழிப்பாரும், கொடியை நோக்கி ‘நீ மரம்போல் நில்’ என்று அதட்டுவாரும் நம் தோட்டங்களில் இலர்.

சென்ற ஆண்டு ஒரு தந்தை எம் இல்லம் தேடி வந்தார். தம் மகனை முதலாந் தரத்திற் சேர்க்கும் படிவத்தைக் கொணர்ந்து நிரப்பித் தரக் கேட்டார். எழுதி முடித்த பின்பே எட்டாந் தரத்தோடு நின்ற அச்சிறுவன் இவரென அறிந்தோம். எழுந்து செல்லுமுன், “இவனும் என்னைப்போல இருப்பானோ, சேர்?” என்று வினவினார். அவ்விடர் குடும்பவழி வருதலும் உண்டென்பதை அறிவோமாதலின், இல்லையென்று சொல்ல எமக்கு நா எழவில்லை. “இருந்தாலும் உங்களுக்கு நேர்ந்தது அவனுக்கு நேராது” என்றோம். அவ்வாக்கைக் காத்தல் எம் ஒருவரால் ஆவதன்று.

ஆதலின் பழைய மாணவர்களை வேண்டுகின்றோம். விழா நிதியில் வாயில் வளைவும் பரிசுக் கிண்ணமும் அமைக. அவற்றோடு ஒரு பங்கை இதற்கும் ஒதுக்குக. விசேட கல்விப் பயிற்சிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பவும், ஓர் அமைதியான அறையை அமைக்கவும் அது பயன்படுக. கம்மடுவையிலோ எல்கடுவையிலோ இருந்து தம் பிள்ளையைப் பேராதனைச் சிறுவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் தாய் ஒரு நாட் கூலியை இழக்கின்றாள். அக்கூலியும் பேருந்துக் கட்டணமும் அந்நிதியினின்று கிடைப்பின் அவள் மறுமுறையும் செல்வாள்.

மாணாக்கரைத் தரம் பிரித்த அதே பவணந்தியார், பாடஞ் சொல்லும் முறையையும் வகுத்தார். கொள்பவன் எவ்வகையாற் கொள்வானோ அதனை அறிந்து கொடுத்தல் ஆசிரியர்க்கு இலக்கணம் என்றார். மாணாக்கர்க்குரிய சூத்திரத்தை மனனஞ் செய்தோம். எமக்குரியதைப் படித்தும் மறந்தோம். குடத்தில் ஓட்டையுண்டோ என்று தேடிய நாம், நீர் வார்க்கும் எம் கை நடுங்குகின்றதோ என்று இனியேனும் நோக்குவோமாக.